லிக்னினைக் குறைத்தால் எத்தனால் கூடுமா? – கேள்வி பதில்

கேள்வி: மரக்கட்டை, புல்லிலிருந்து எத்தனால் எடுக்க லிக்னின் ஏன் தடை?

பதில்: செல்லுலோஸ் இழைகளை, செடிக்கு விறைப்புத் தரும் பொருளான லிக்னின் மூடிக்கொள்வதால், அவற்றைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியால் நெருங்க முடிவதில்லை. போதாததற்கு நொதியே லிக்னினில் ஒட்டி வீணாகிறது. அதனால்தான் 1% அளவு நீர்த்த கந்தக அமிலத்தில் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேகவைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் சைலோஸ் என்னும் சர்க்கரை, ஈஸ்டுக்கு ஆகாத ஃபர்ஃபுராலாகச் சிதையும்; சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட் சுணங்கும். ஸ்விட்ச்கிராஸ் புல்லில் லிக்னின் உருவாக உதவும் சி.ஓ.எம்.டி. மரபணுவை அடக்கிய 2011 ஆய்வில் எத்தனால் 38% வரை கூடியது. நொதியும் மூன்றில், நான்கில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது.

கேள்வி: லிக்னினே இல்லாமல் செய்துவிட்டால்?

பதில்: நீரேற்றும் குழாய்கள் நசுங்கி, செடி குன்றிப்போகும். பெல்ஜியத்தில், லிக்னின் உருவாக உதவும் இன்னொரு மரபணுவான சி.சி.ஆர்.ஐ அடக்கிய பாப்லர் மரங்களை வயலில் வளர்த்தார்கள். பட்டையை உரித்தால் கட்டையில் ஒயின் சிவப்புத் திட்டுகள் தெரியும். மரபணு நன்றாக அடங்கிய இடங்கள் அவை. 2014இல் வெளியான முடிவில், அதிகம் மாறிய கட்டையில் எத்தனால் 161% வரை கூடியது. மரமோ சரியாக வளரவில்லை. ஒரு கிலோ கட்டைக்கு எவ்வளவு எத்தனால் என்ற கணக்கைக் காட்டுகிறவரிடம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு என்ற கணக்கைக் கேளுங்கள்.

கேள்வி: காட்டாமணக்கிலும் இதைச் செய்யலாமா?

பதில்: அது எண்ணெய் வித்து, டீசல் வழி. அந்தத் துறையினரைக் கேளுங்கள்.

கேள்வி: வளர்ச்சி குன்றாமல் வழியே இல்லையா?

பதில்: உண்டு. லிக்னினைக் குறைக்காமல் அதன் சங்கிலியில் எளிதில் அறுபடும் எஸ்டர் பிணைப்புகளைச் செருகலாம். சீன ஏஞ்சலிகா மூலிகையின் மரபணு ஒன்றைப் பாப்லரில் சேர்த்து 2014இல் செய்து காட்டினார்கள். மிதமான காரக் கரைசலிலேயே பிணைப்பு விட்டுவிடும். இதிலும் ஹெக்டேர் கணக்குதான் முக்கியம்.

கேள்வி: லிக்னினை முழுக்க நீக்கினால் என்ன?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் எனோஜன் மக்காச்சோளத்தை ஏன் சொல்லவில்லை?

பதில்: அதில் உடைக்க வேண்டியது லிக்னின் மூடிய செல்லுலோஸ் அல்ல, ஸ்டார்ச். ஸ்டார்ச்சை உடைக்கும், சூடு தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி மணிக்குள்ளேயே இருப்பதால் ஆலையில் திரவ நொதி ஊற்ற வேண்டாம். மாவுக் கூழ் தானாகவே இளகும். சின்ஜென்டா விதை நிறுவனத்தின் இந்த ரகத்துக்கு 2011இல் சாகுபடி அனுமதி கிடைத்தது. மாவு ஆலைகள் எதிர்த்தன.

கேள்வி: சாப்பிட ஆபத்தில்லாத மக்காச்சோளத்தைச் சொல்லிப் பயமுறுத்தலாமா?

பதில்: நஞ்சு என்று யார் சொன்னது? கூழை இளக்கும் அதே நொதி தின்பண்ட மாவில் கலந்தால் ஸ்டார்ச்சை உடைத்து மாவைக் கெடுக்கும். அதனால்தான் ஒப்பந்தச் சாகுபடி, வயலைச் சுற்றிச் சாதாரண மக்காச்சோளத்தால் தடுப்பு வரிசை, நேரே எத்தனால் ஆலைக்கு லோடு.

கேள்வி: மகரந்தம் காற்றில் பறக்குமே, தடுப்பு வரிசை போதுமா?

பதில்: முழுக்கத் தடுக்காது, கலப்பைக் குறைக்கும். அறுவடை இயந்திரத்தின் மூலைகளிலும் லாரித் தொட்டியிலும் தங்கும் மணிகளையும் கவனிக்க வேண்டும். அவற்றைத் துடைக்காமல் வரிசை மட்டும் நட்டுப் பயனில்லை.