கேளுங்க, சொல்றோம்: ஐ.க்யூ. 84 என்றால் மந்தமா?

கேள்வி: பையனுக்கு எட்டு வயசுங்க. பள்ளிக்கூடத்துல சோதிச்சு ஐ.க்யூ. 84-னு எழுதிக் கொடுத்தாங்க. போன் ஆப்புல 128 வருது. எதை நம்பறதுங்க?
– வாசகி, பெருந்துறை

ஆப்பை மறந்துவிடுங்கள். ஐ.க்யூ. என்பது அறிவுத்திறனைக் காட்டும் எண். அதே வயதுப் பிள்ளைகள் ஏராளமானோரைச் சோதித்து, அவர்களின் சராசரியை 100 என்று வைத்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

நூறு பிள்ளைகளில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். உங்கள் மகன் அந்த விளிம்பில் நிற்கிறான், அவ்வளவுதான். அளவீட்டிலேயே ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கும் என்பதால் 84-ஐ ‘79 முதல் 89 வரை’ என்று படிப்பதே சரி. மந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 70-க்குக் கீழே போனாலும், குளிப்பது, உடுத்துவது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது போன்ற அன்றாடத் திறன்களையும் பார்க்காமல் அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது.

அறிக்கையில் மொத்த எண்ணை விட்டுவிட்டு உட்பிரிவு மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரிவில் விநாடிக்கு ஒன்றாக 5, 8, 2 என்று சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லவும் பிறகு கடைசியிலிருந்து சொல்லவும் கேட்பார்கள். இன்னொன்றில் வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வார்கள். சொல்வளம் நன்றாக இருந்து எண் வரிசை மட்டும் சறுக்கினால், கவனத்தையும் காதையும் முதலில் சோதிக்க வேண்டும். மொத்த எண் இதையெல்லாம் மூடிவிடும். எந்த மொழியில் கேட்டார்கள்? வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அளந்தது பாதி ஆங்கிலத்தைத்தான். உடனே மறுபடி எழுத வைக்காதீர்கள். பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். ஒரு வருடமாவது போகட்டும்.

1905-ல் பாரிசில் பினே, சிமோன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகையில் முதல் சோதனையை உருவாக்கியதே, தனிக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியத்தான். தரம் பிரிக்கும் முத்திரையாக்கியது பின்னால் வந்தவர்கள்.

கேள்வி: எங்க அப்புச்சி பள்ளிக்கூடமே போகாதவர். கண்ணபுரம் சந்தையில மாட்டுப் பல்லைப் பார்த்தே வயசு சொல்லுவார். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவார். அவருக்கு ஐ.க்யூ. எவ்வளவு வருமுங்க?
– வாசகர், காங்கேயம்

தாளில் கட்டப் புதிர்களைப் போட்டுப் பழகாதவருக்குக் குறைவாகவே வரக்கூடும். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்தார்: புதுச் சிக்கலை அந்த நேரத்தில் அவிழ்ப்பது ஒன்று, அனுபவத்தில் சேர்த்து வைத்தது இன்னொன்று. முதலாவது இளமைக்குப் பின் மெல்லக் குறையும். இரண்டாவது முதுமை வரை நன்றாகவே தாக்குப்பிடிக்கும். பல்லை வைத்து வயது சொல்வது இரண்டாவது வகை. எதிராளியின் விரல் அழுத்தத்தைக் கணித்து அடுத்த விலையைச் சொல்வதில் முதலாவதும் கலந்திருக்கிறது. மாட்டுச் சந்தை தெரியாத ஊர்க்காரருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமே என்று, சோதனைத் தாளில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.