கால் பெருவிரல் மூட்டுத் தேய்மான வலிக்கு எந்த இன்சோல் நல்லது?

பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து நடந்தாலே வலிக்கிறது, ஜெல் இன்சோல் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஜெல் வேண்டாம். மெத்தென்று இருக்கும், சரி, ஆனால் குதிகாலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும்போது அந்த விரல் மேல்நோக்கி மடங்குகிறதே, பெரும்பாலும் வலி வருவது அப்போதுதான், அதை ஜெல் தடுக்காது. மடங்கவிடாமல் பிடிக்கும் விறைப்பான ஒன்றுதான் வேண்டும். 'மார்ட்டன்ஸ் எக்ஸ்டென்ஷன்' என்று கேளுங்கள், பெருவிரலுக்கு அடியில் மட்டும் விறைப்பாக நீண்டிருக்கும். இல்லையென்றால் முழுநீள கார்பன் ஃபைபர் தகடு. மெல்லியதுதான், ஷூவில் இருக்கும் இன்சோலை உருவிவிட்டு இதை அடியில் போட்டு, மேலே அதையே திரும்ப வைத்துவிடலாம். ஷூவின் முன்பக்கம் குறுகலாக இருந்தால் எல்லாம் வீண், மூட்டின் மேல் புடைத்த எலும்பு உரசி இன்னும் வலிக்கும். முதலில் நடை கட்டை மாதிரி இருக்கும், வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள். அடிப்பாகம் வளைந்த ராக்கர் ஷூ என்றால் நடை எளிதாகும். தேய்ந்த மூட்டு இதனால் சரியாகிவிடாது, வலிதான் குறையும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கடினமான தகடு போடவே கூடாது. அப்புறம், ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் அது கௌட்டாக (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) இருக்கலாம், அதற்கு இன்சோல் தேடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.