மே மாதத்து ஏரி: ஒன்ராறியோவில் வெளிக்கள வேலைக்கு வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, ஒன்ராறியோவில் ஒரு சமூக நிலையத்தில் வெளிக்கள நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, மே மாதம் தொடங்குகிறீர்கள், பிள்ளைகளைக் கனூ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் பயணம் கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஆனால் இதுவரை கனூவில் ஏறியதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம் காணுமா, எங்கே வாடகைக்கு இருக்கலாம், என்ன சான்றிதழ் வேண்டும், கரடி வந்தால் என்ன செய்வது என்று நாலு கேள்வி. வாசிக்கும்போது நான் வந்திறங்கிய வருடம் ஞாபகம் வந்தது. அப்போதும் எல்லாரும் முதலில் கேட்டது கரடியைப் பற்றித்தான். சம்பளத்துக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். கரடிக்குக் கடைசியில் நாலு வரி தருகிறேன். நீங்கள் கேட்காமல் விட்டது தண்ணீர். அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

ஒன்ராறியோவின் பெரிய காட்டுப் பூங்காவான அல்கோன்குவின் பக்கத்து ஏரிகளில் ஐஸ் கரைவது ஏப்ரல் கடைசியில், சில வருடம் மே தொடங்கிய பிறகு. மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறையின் நீண்ட வார இறுதிக்கு வெயில் 22 பாகை அடிக்கும், ஆட்கள் அரைக்காற்சட்டையோடு திரிவார்கள். அதே நாளில் ஏரித் தண்ணீர் பல வருடம் 10 பாகையையும் தொட்டிராது. வெயிலைப் பார்த்து உடுப்பைத் தீர்மானிக்கிறவன் இந்த வேலைக்கு ஆபத்தானவன். பார்க்கவேண்டியது தண்ணீரின் வெப்பநிலை. ஒரு கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறங்குதுறையில் விட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

மனிதோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற், தன் உடம்பையே குளிர்நீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய 1-10-1 கணக்கைப் பாடமாக்குங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாரி இழுக்கும், அடக்க முடியாது. அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அடுத்த 10 நிமிடத்துக்குள் கையும் காலும் சொல்வழி கேளாமல் போகும், விரலால் ஒரு கொளுவியைக்கூடப் பூட்ட முடியாது. நினைவு தப்பிப்போக 1 மணித்தியாலம் அளவில் எடுக்கும். ‘குளிரில் விறைத்துச் செத்தார்’ என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஆட்களில் பலர் விறைக்கும் கட்டத்துக்கே போவதில்லை. முதல் இரண்டு கட்டத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள்.

இதனால்தான் லைஃப் ஜக்கெற் உடம்பில் இருக்கவேண்டும் என்கிறேன். சிறு படகுகளுக்கான கனடியச் சட்டம், ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும் என்கிறது. கனூ கவிழ்ந்த பிறகு, விறைத்த விரலோடு, மிதந்துபோகும் ஜக்கெற்றைப் பிடித்துப் போட்டவர் யார்? உங்கள் நிகழ்ச்சியில் சட்டத்துக்கு மேலே ஒரு விதி எழுதுங்கள்: இறங்குதுறைப் பலகையில் கால் வைக்க முன்னமே எல்லாக் கொளுவியும் பூட்டியிருக்கவேண்டும், ஊழியர் உட்பட. உள்ளே ஒட்டியிருக்கும் நிறை அளவைப் பாருங்கள். பிறகு ஜக்கெற்றின் இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்குங்கள். காது மட்டத்துக்கு ஏறினால் அளவு பெரிது. ‘வளருவான்தானே’ என்று சப்பாத்து வாங்குவதுபோலப் பெரிய ஜக்கெற் கொடுக்கக்கூடாது. இன்னொன்று, லைஃப் ஜக்கெற்றும், பிஎஃப்டி (PFD) என்கிற மிதவை அங்கியும் ஒன்றல்ல. முதலாவது, மயங்கியவரை முகம் மேலே வரத் திருப்பும்படி செய்யப்பட்டது. பிஎஃப்டி மிதக்க வைக்கும், திருப்பிவிடும் என்று நம்பக்கூடாது. துடுப்புப் போட வசதி என்பதால் முகாம்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். சட்டப்படி படகில் மிதக்கும் எறிகயிறு 15 மீற்றர், விசில், தண்ணீர் வாரும் ஏனம் ஆகியவையும் வேண்டும். கயிற்றைச் சிக்கலாகச் சுருட்டிப் பையின் அடியில் போடுகிறவர்களுக்கு ஒருமுறை எறிந்து காட்டச் சொல்லுங்கள், அடுத்தமுறை ஒழுங்காகச் சுருட்டுவார்கள்.

எங்கட ஆக்களிடம் ஒரு பெருமைப் பேச்சு உண்டு, ‘நாங்கள் கடற்கரையில் பிறந்த ஆக்கள், எங்களுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டாம்’ என்று. 28 பாகை உப்புத் தண்ணீரில் பழகிய நீச்சலுக்கு 8 பாகை நன்னீரில் மரியாதை கிடையாது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் தாங்கும், நன்னீர் அவ்வளவு தாங்காது. குளிரில் நீச்சல்காரனுக்கும் நீந்தாதவனுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில நிமிடம்தான். தகப்பன்மார் இதைச் சொல்லி ஜக்கெற் வேண்டாம் என்று வாதாடுவார்கள். வாதாடாதீர்கள், பிள்ளையைக் கரையில் இருத்துங்கள்.

வேலை தொடங்கிய முதல் இரண்டு கிழமைக்குள் கவிழ்ந்த கனூவை மீட்கப் பழகுங்கள், நீச்சல் தடாகத்தில். விழுந்தவர்கள் இருவரும் முதலில், மீட்க வந்த மற்றக் கனூவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளவேண்டும். அதற்கு முன் கவிழ்ந்த கனூவைத் தொடவேண்டாம். கவிழ்ந்ததைக் குப்புறவே விட்டு, மீட்கும் கனூவுக்குக் குறுக்காக, ஆங்கில ‘ரி’ (T) எழுத்துப்போல் கொண்டுவாருங்கள். அதன் முனையைத் தூக்கி உங்கள் விளிம்பில் ஏற்றி, பாதிவரை இழுத்தால் தண்ணீர் தானாக வடியும். வடிந்த பிறகு அங்கேயே நிமிர்த்தி, திரும்பத் தண்ணீருக்குள் தள்ளி, இரண்டு கனூவையும் பக்கமாக ஒட்டவைத்து விளிம்புகளை இறுக்கிப் பிடிக்கவேண்டும். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். பிழைப்பது எப்போதும் இரண்டு இடத்தில். ஒன்று, தண்ணீர் நிரம்பிய கனூவை நிமிர்ந்தபடியே தூக்கப் பார்ப்பது. அது நூற்றுக்கணக்கான கிலோ, அசையாது. மற்றது, மிதக்கும் துடுப்பையும் பையையும் துரத்திப் போவது. பொருளை விடுங்கள். உங்கள் ஊழியர் நாலு நிமிடத்துக்குள் இதைச் செய்து முடிக்கும்வரை ஒரு பிள்ளையையும் ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். யூன் நடுப்பகுதிவரை, கரையிலிருந்து 50 மீற்றருக்கு வெளியே போகாமல் பாதை போடுங்கள். இந்த 50 என்னுடைய கணக்கு, சட்டம் இல்லை. கூட்டிக் குறைக்க நினைத்தால் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

அடுத்தது உடுப்பு. பருத்தி நனைந்தால் சூட்டை வைத்திருக்காது, காயவும் மாட்டாது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வரும் பிள்ளை மழையில் ஒருமுறை நனைந்தால் அன்று இரவு உங்களுக்கு நித்திரை இல்லை. கம்பளி அல்லது பொலியெஸ்டர்தான். இரண்டு தொகுதி: பகலில் நனைகிற தொகுதி ஒன்று, தண்ணீர் புகாத பையில் கட்டிய இரவுத் தொகுதி ஒன்று. இரவுத் தொகுதியைப் பகலில் போட விடவே கூடாது. காலையில் ஈர உடுப்பைத் திரும்பப் போடச் சொன்னால் பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும். பட்டியல் அனுப்பினால் பெற்றோர் வாசிப்பதில்லை, படமாக அனுப்புங்கள். பஸ் ஏற முன் ஒவ்வொரு பையையும் திறந்து பாருங்கள். நிலையத்தில் பத்துப் பேருக்கான உதிரி உடுப்புப் பெட்டி ஒன்று இருக்கவேண்டும். புதிதாக வந்த குடும்பங்களிடம் காசு இல்லாமல்தான் பல நேரம் ஜீன்ஸ் வருகிறது, அதைப் பிள்ளையின் முன்னால் குறையாகச் சொல்லக்கூடாது. வந்து இருபது வருடமாகியும் அப்படியே அனுப்புகிறவர்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மருத்துவப் படிவத்தில் எங்கட குடும்பங்கள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிடும். ஆஸ்துமா என்று எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள் என்ற பயம். ஆகவே படிவத்தை நம்பாமல் தாயைத் தொலைபேசியில் பிடித்துத் தமிழில் கேளுங்கள்: ‘இழுப்பு இருக்கா’ என்று அல்ல, ‘கடைசியாகப் பம்ப் அடித்தது எப்போது’ என்று. ஒவ்வாமை ஊசி வைத்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு ஊசி வேண்டும். முதலாவதுக்கு 5 முதல் 15 நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் இரண்டாவது, அதற்கிடையில் அவசர அழைப்பு. ஊசி பிள்ளையோடு அதே கனூவில் போகவேண்டும். வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் விட்டால் மருந்து கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். பூங்காவின் உட்பகுதியில் பெரும்பாலான இடத்தில் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது. செய்மதித் தொடர்புக் கருவி ஒன்று இல்லாமல் போகாதீர்கள். நிர்வாகம் காசு இல்லை என்றால் பயணமும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் துறப்புக் கடிதம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் மேலாளர்களைக் காண்பீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இல் வந்த தீர்ப்பு ஒன்று, பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் அப்படிக் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. அது வேறு மாகாணம்தான், ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கேடயமாக எண்ணவேண்டாம். பெற்றோருக்கு ஆபத்தை எடுத்துச் சொன்னதற்கான பதிவாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பாதை போடும்போது புதியவர்கள் வரைபடத்தில் விரலை வைத்து அளந்து ஏமாறுவார்கள். பிள்ளைகள் துடுப்புப் போட்டால் மணிக்கு 3 முதல் 4 கிலோமீற்றர், எதிர்க்காற்று என்றால் அதில் பாதி. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே கனூவைத் தூக்கி நடக்கிற பாதையைப் போட்டேஜ் என்பார்கள். 600 மீற்றர் போட்டேஜில் சாமானை இரண்டு நடையாகக் கொண்டுபோனால் நடந்த தூரம் 1,800 மீற்றர். இடையில் வெறுங்கையோடு திரும்பி வரும் நடையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒப்பியோங்கோ போன்ற பெரிய ஏரியில் முற்பகல் போகப் போகக் காற்று எழும்பும், ஆகவே விடிய 7 மணிக்குத் தண்ணீரில் இருக்கவேண்டும். அல்கோன்குவின் உட்பகுதியில் ஒரு முகாமிடத்துக்கு 9 பேர்தான், ஊழியரையும் சேர்த்து. 20 பிள்ளைகளைப் பதிந்துவிட்டு முகாமிடம் ஒன்று எடுப்பது வழமையான பிழை. ஒருமுறை பாவித்து எறியும் தகரப் பேணியும் போத்தலும் உட்பகுதிக்குத் தடை.

இடி கேட்டால் தண்ணீரைவிட்டு ஏறவேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கிலோமீற்றர்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் முடியும்வரை திரும்ப இறங்கக்கூடாது. ஒவ்வொரு இடிக்கும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். பிள்ளைகள் இருபத்தைந்தாம் நிமிடத்தில் கெஞ்சுவார்கள்.

குளிர்காலத்துக்குச் சுருக்கமாக: தனியாக நடக்க ஐஸ் 15 சென்ரிமீற்றர், கூட்டமாகச் சறுக்கி விளையாட 20. இது தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான், சாம்பல் நிறம் என்றால் ஏறவே வேண்டாம். துளையிட்டுப் பல இடத்தில் அளவுங்கள், ஓடை வந்து விழும் பக்கத்தில் எப்போதும் மெல்லிசு. காற்றோடு சேர்ந்த குளிர் −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும்.

சான்றிதழ் விஷயம் பெரிதில்லை. சாதாரண முதலுதவிச் சான்றிதழ் அம்புலன்ஸ் வருகிற இடத்துக்கு. உங்களுக்குக் காட்டு முதலுதவி வேண்டும், 16 முதல் 20 மணித்தியாலப் பாடம். கனூவுக்கு ஓர்க்கா என்கிற ஒன்ராறியோ கனூ, கயாக் சங்கத்தின் அடிப்படைப் பாடங்கள். பிள்ளைகளோடு வேலை என்பதால் பொலிஸ் சரிபார்ப்புக் கடிதம் கேட்பார்கள், கிழமைக்கணக்கில் இழுபடும், இப்போதே விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டில் பெயரும் தகப்பன் பெயரும் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கில் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். எங்கட ஆக்களின் பாதித் தாமதம் பெயர் மாறாட்டத்தால்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, பயணத்தை நிறுத்துவது. பஸ்ஸுக்குக் காசு கட்டியாயிற்று, பெற்றோர் லீவு போட்டாயிற்று, மேலாளர் முகத்தைப் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே பருவம் தொடங்க முன்னரே எல்லைகளை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்: தண்ணீர் எத்தனை பாகைக்குக் கீழ் என்றால் இறங்குவதில்லை, காற்று எவ்வளவு என்றால் கடப்பதில்லை, எத்தனை ஊழியர் குறைந்தால் போவதில்லை. பிறகு அந்த நாளில் நீங்கள் ஒருவரோடும் சண்டை போடத் தேவையில்லை, தாளைக் காட்டினால் போதும்.

80களிலும் 90களிலும் வந்தவர்களுக்குக் காடும் ஏரியும் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடியவைதான். இரண்டு வேலை, சனிக்கிழமையும் ஓவர்ரைம், வருடத்துக்கொருமுறை நயாகரா. வெள்ளைக்காரன் காசு கொடுத்துக் காட்டில் படுக்கிறான் என்று சிரித்த தலைமுறை அது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று தலைக்கு மேலே கனூவைத் தூக்கிக்கொண்டு போட்டேஜில் நடக்கிறார்கள். ‘விளையாட்டுக் காட்டுவதற்குச் சம்பளமா’ என்று உங்களையும் கேட்கும் பெரியவர்கள் இருப்பார்கள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

கரடி. ஒன்ராறியோவின் தென்பகுதியில் கறுப்புக் கரடிதான், அது தேடுவது உங்களை அல்ல, சாப்பாட்டை. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளித் தொங்கவிடுங்கள், கூடாரத்துக்குத் தூரமாக. கண்டால் ஓடவேண்டாம், சத்தமாகப் பேசிக்கொண்டு பின்வாங்குங்கள். பயப்படுவதென்றால் உண்ணிக்குப் பயப்படுங்கள். வெப்பநிலை 4 பாகைக்கு மேலே போனாலே அது புல்லில் காத்திருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, இரவில் முழங்காலின் பின்பக்கம், கக்கம், மயிர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கடித்திருந்தால் கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுக்கவேண்டும், திருகக்கூடாது, எண்ணெய் பூசக்கூடாது. எடுத்த உண்ணியைச் சிறு பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள்.