சொந்தக் காலில் நிற்க வைக்கும் திட்டங்கள்: எது பலிக்கிறது, எப்படி அளப்பது? (கேள்வி பதில்)

வறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் திட்டங்களின் ஆய்வு பற்றி களப்பணியாளர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 120 பெண்களுக்கு ஆடு கொடுத்தோம் மேடம். இரண்டு வருடத்தில் வருமானம் கூடியிருக்கிறது. திட்டம் வெற்றி என்று அறிக்கையில் எழுதலாமா?

இப்போதைக்கு எழுதாதீர்கள். ஆடு வாங்காத குடும்பங்களின் வருமானம் அதே இரண்டு வருடத்தில் எவ்வளவு கூடியது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆந்திரத்தில் இதே மாதிரியான ஒரு திட்டத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். பயனாளிகள் முன்னேறியிருந்தார்கள், ஆனால் திட்டத்தில் சேராதவர்களும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். அந்த வருடங்களில் கூலி வேலை பெருகியிருந்தது. மாடு வாங்கியவர்கள் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதால் ஒரு பக்கம் வந்த வரவு இன்னொரு பக்கம் குறைந்தது. பலர் கடனை அடைக்க மாட்டையே விற்றும்விட்டார்கள். பயனாளிகளை மட்டும் கணக்கெடுத்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிக மோசமான நிலையில் இருக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால், உதவியே இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் அது கொஞ்சம் மேலே வந்திருக்கும்.

கேள்வி: ஆடு மாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதாதா? பயிற்சிக்கும் வாராவாரம் வீட்டுக்குப் போய் வருவதற்கும்தான் அதிகம் செலவாகிறது.

போதாது. வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டத்தில் ஐந்தாறு உதவிகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன: ஒரு சொத்து, சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, தொழில் பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, தொடர்ச்சியான வீட்டு வருகை. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைக்கிறது. மாடு கறக்கத் தொடங்கும்வரை சாப்பாட்டுக்கு வழி இல்லாவிட்டால் மாடு சந்தைக்குப் போய்விடும். சேமிப்பு இல்லாத வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலே ஆட்டை விற்க வேண்டியதுதான்.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2015-இல் வந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பயன் தங்கியிருந்தது. கானாவில் ஆடு மட்டும் கொடுத்த ஒரு பிரிவையும் வைத்துப் பார்த்தார்கள். அதில் நிலைத்த முன்னேற்றம் தெரியவில்லை. ஹோண்டுராஸில் பெரும்பாலானோர் கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள், அவற்றில் பல நோயில் செத்தன, திட்டம் போட்ட செலவுக்கு ஈடாகவில்லை. அதனால் எந்தச் சொத்து என்று முடிவெடுக்கும் முன் தடுப்பூசி போட யார் வருவார், தீவனம் எங்கே கிடைக்கும், விற்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

செலவைக் குறைத்தே ஆக வேண்டுமானால் நைஜர் ஆய்வைப் பாருங்கள் (2022). அங்கே எல்லாக் குடும்பங்களும் ஏற்கெனவே அரசின் உதவித்தொகை பெற்று வந்தன. அதற்கு மேல் மொத்தமாக ஒரு ரொக்கம் தராமல், சேமிப்புக் குழு, வழிகாட்டல் (பணியாளர் தொடர்ந்து வந்து ஆலோசனை சொல்வது), தொழில் பயிற்சி ஆகியவற்றோடு தன்னம்பிக்கைப் பயிற்சியும் ஊரார் கூடிப் படம் பார்த்துப் பேசும் கூட்டமும் சேர்ந்த பிரிவுதான் போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தந்தது. ஆக, வெட்டுவதாக இருந்தால் வழிகாட்டலைக் கடைசியாக வெட்டுங்கள்.

கேள்வி: இருக்கும் பணத்தை நிறையப் பேருக்குக் கொஞ்சமாகப் பிரிப்பதா, சிலருக்கு நிறையக் கொடுப்பதா?

சிலருக்கு, போதுமான அளவு. மனசுக்குக் கஷ்டமான பதில்தான், ஆனாலும் மேலே சொன்ன வங்கதேசத் திட்டத்தின் தரவு அதைத்தான் சொல்கிறது. சொத்து ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய குடும்பங்கள் தாமாகவே மேலும் சேர்த்தன. வரம்புக்குக் கீழே நின்றவை கிடைத்ததையும் இழந்து பழைய நிலைக்குச் சரிந்தன. எல்லோருக்கும் அரைகுறையாகக் கொடுத்தால் எல்லோரும் வரம்புக்குக் கீழேயே நிற்பார்கள்.

கேள்வி: நுண்கடன், அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு தொகைக் கடன், உதவுமா?

ஆறு நாடுகளில் நடந்த சோதனைகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. ஏற்கெனவே தொழில் இருப்பவருக்குக் கொஞ்சம் உதவுகிறது, குடும்பங்களின் வறுமையை அது பெரிதாக மாற்றிவிடவில்லை. சொத்தே இல்லாத வீட்டுக்கு முதல் உதவி கடனாக இருக்கக் கூடாது.

கேள்வி: வருமானம் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. எதை அளப்பது?

குடும்பத்தின் செலவை அளந்து பாருங்கள். சாப்பாட்டுக்குக் கடந்த 7 நாள், சோப்பு, பயணம் போன்றவற்றுக்கு 30 நாள், துணிக்கும் படிப்புக்கும் ஒரு வருடம். வீட்டில் விளைந்து வீட்டிலேயே சாப்பிட்டதையும் விலை போட்டுச் சேர்க்க வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். திட்டம் தொடங்கும் முன் எடுக்கும் அடிப்படைக் கணக்கெடுப்பை எந்த மாதத்தில் எடுத்தீர்களோ அதே மாதத்தில் மறுபடியும் எடுங்கள். அறுவடைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றும் எடுத்தால் பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள். உதவி கொண்டுபோய்க் கொடுத்த பணியாளரே கேள்வித்தாளோடு போகக் கூடாது, அவரிடம் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: எத்தனை குடும்பங்கள் வேண்டும்?

உதவி பெறும் பிரிவு எது, பெறாத ஒப்பீட்டுப் பிரிவு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். திட்ட விலக்கத்தில் (standard deviation, குடும்பத்துக்குக் குடும்பம் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) ஐந்தில் ஒரு பங்கு அளவு மாற்றத்தைக் கண்டுபிடிக்க, குடும்பவாரியாகக் குலுக்கினால் ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 400 குடும்பம். ஊர்வாரியாகக் குலுக்கினால் இந்த எண்ணிக்கை கூடும். ஊருக்கு 20 குடும்பம், ஓர் ஊருக்குள் குடும்பங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு (intra-cluster correlation) 0.05 என்றால் தேவை கிட்டத்தட்ட இரட்டிக்கும், அதாவது பிரிவுக்கு 40 ஊர். இடம் பெயர்ந்து காணாமல் போகிறவர்களுக்காக இதற்கு மேல் 10 விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு உதவியே இல்லையா என்று ஊரில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லாதபோது, யாருக்கு முதலில் என்பதை ஊர் முன்னால் குலுக்கிப் போட்டு, மற்றவர்களுக்கு அடுத்த சுற்றில் கொடுங்கள்.

கேள்வி: கடைசிக் கணக்கெடுப்பு எப்போது?

உதவி நின்று குறைந்தது ஒரு வருடம் கழித்து. முடிந்தால் பிறகும் போங்கள். மேற்கு வங்கத்தில் அதே குடும்பங்களைப் பத்து வருடம் தொடர்ந்தார்கள். பயன் ஏழாம் ஆண்டுவரை வளர்ந்து பத்தாம் ஆண்டிலும் இருந்தது. அந்த வரவில் ஒரு நல்ல பங்கு வெளியூர் போய்ச் சம்பாதித்த கூலி, மாட்டிலிருந்து வந்ததல்ல. எனவே கேள்வித்தாளில் கால்நடை எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், வீட்டில் யார் யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு அனுப்புகிறார்கள் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.