மணி அடிப்பவரின் தியானம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் தினமும் மதியம் ஒரு மணிக்கு 20 நிமிடத் தியானம் நடத்துகிறேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். என் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கிறது, இன்னொரு கண் குறட்டை விடப்போகிறவர்மேல். என் தியானம் போயே போய்விட்டது. ஊருக்குப் பரிமாறிவிட்டுப் பட்டினி கிடப்பவன் மாதிரி இருக்கிறேன். இதில் எனக்கு என்ன கிடைக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

நானும் மூன்று வருடம் இந்த மதிய வேலையைப் பார்த்தவன்தான்.

முதலில் தூக்கம். பிற்பகலின் தொடக்கத்தில் உடம்பின் நாள்கடிகாரமே சற்றுத் தணிகிறது. சாப்பிடாதவருக்கும் கண் சொருகும். உட்கார்ந்தபடி தூங்கிவழிந்த தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கின்றன: காதை இழு, உடம்பைத் தேய், கண்ணைத் தண்ணீரில் கழுவு, எழுந்து நட. ஒன்றும் பலிக்காவிட்டால் படுத்துக்கொள் என்கிறார்! நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நடுவில் இரண்டு நிமிடம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். கடிகாரத்துக்கு அலாரம் போதும், கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஒரு நாள் காலையில் பெரிய சண்டை போட்டுவிட்டு வந்து, "மூச்சை இழுக்க வேண்டாம், அது பாட்டுக்கு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே காற்றுப் போதவில்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றது. தனியே கண்மூடி உட்கார்ந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. மனதுக்குள் சண்டையைத் தொடர்ந்திருப்பேன். வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு வாக்கியம் சொன்னால், என் மூச்சு ஐந்து முறை போய்வந்த பிறகே அடுத்தது. பேச்சு பாதியாகக் குறைந்தது. அந்த இடைவெளிகளில் எனக்குக் கிடைத்தது தனியே உட்கார்ந்தபோது கிடைக்காதது.

ஆனால் பட்டினி என்று எழுதியிருக்கிறீர்களே, அது நிஜம். காலையில் பத்து நிமிடமாவது உங்களுக்கென்று உட்காருங்கள். மதிய அமர்வு அதற்கு ஈடாகாது.

ஒரு முறை நானே தூங்கிப்போனேன். அலாரம் வைக்க மறந்த நாள். விழித்தபோது 35 நிமிடம் ஆகியிருந்தது. எதிரே ஆறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் சாதனை என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். முன்னால் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "மணி அடிங்க சார், கால் மரத்துப்போச்சு" என்றார்.