இலை நரம்பும் நம் நரம்பும் ஒன்றா?

இலையில் ஓடும் நரம்பும் நம் உடம்பில் ஓடும் நரம்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா, ஓர் இலையில் நோய் கண்டால் மற்ற இலைகளுக்கு அந்த நரம்பு வழியாகத்தான் செய்தி போகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிற எனக்கு இது பழகிய கேள்வி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டதால் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுகிறார். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் அந்த மாணவரிடம் ‘முழுத் தவறு’ என்று நான் சொல்வதில்லை.

முதலில் நம் நரம்பு. அப்பத்தா குழிப்பணியாரம் ஊற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து கம்பியால் திருப்பிவிடுவேன்; சில நேரம் விரல் சட்டி விளிம்பில் பட்டுவிடும். கை தானாக விலகிவிடும், ‘சுரீர்’ என்பது அதற்குப் பிறகுதான் தெரியும், விண்விண்ணென்ற எரிச்சல் அதற்கும் பிறகு வரும். கையை இழுக்கும் முடிவைத் தண்டுவடமே எடுத்துவிடுவதால் மூளைக்குச் சேதி எட்டும் முன்பே கை விலகுகிறது. சுரீர் என்ற வலியைச் சுமக்கும் இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு, அவற்றில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடுகிறது. எரிச்சலைச் சுமக்கும் இழைகளுக்கு அந்த உறை இல்லை, அங்கே வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போவதில்லை.

ஓடுவது எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நரம்பணு, அதாவது நரம்பு செல், மூன்று சோடியம் அயனிகளை (மின்னேற்றம் கொண்ட அணுக்களை) வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசியவும் செய்கிறது. இவற்றின் விளைவாக அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்கிறது. இது ஒரு பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குதான். (சிக்ரி என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு, அயனியும் மின்னழுத்தமும் அந்நியச் சொற்களாக இருக்கக் கூடாது.) தூண்டல் வந்ததும் நரம்பணுவின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில் ஒன்று திறக்கிறது, அந்த மாற்றத்தால் அடுத்த வாயில் திறக்கிறது. வளவை (வீட்டின் நடுமுற்றத்தை) சுற்றியுள்ள அறைக் கதவுகள் ஒன்று திறந்த அதிர்வில் அடுத்தது திறந்துகொண்டே போனால் எப்படியோ அப்படி. அதனால்தான் கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாடம் நடத்துவதை நான் விட்டுவிட்டேன். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் இந்த அயனி ஓட்டத்தை அளந்து 1952-இல் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி இலை நரம்பு. அது நீர் ஓடும் சைலமும் உணவு ஓடும் ஃபுளோயமும் சேர்ந்த குழாய்க் கற்றை. நீரையும் உணவையும் கடத்துவதே அதன் முதல் வேலை. ஆனால் அதன் வழியே செய்தியும் போகிறது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மின்மாற்றம் ஒன்று ஓடுவதை ஜகதீஸ் சந்திர போஸ் போன்றோர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். புழு கடித்த இலையின் காயத்தில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கசிய, அங்கிருந்து கால்சியம் அலை ஒன்று நரம்பு வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மற்ற இலைகளுக்குப் பரவுவது 2018-இல் காட்டப்பட்டது. நம் மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தூண்டப் பயன்படுத்துவதும் அதே குளுட்டமேட்தான். இருந்தாலும் செடியில் நரம்பணு இல்லை, செய்தியைக் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும் மூளையும் இல்லை. ஆகவே ‘செடிக்கும் வலிக்கும்’ என்று இதிலிருந்து தாவுவது எனக்கு உடன்பாடில்லை.

நோய் எதிர்ப்பு இதைவிட மெதுவானது. 1961-இல் ராஸ் என்பவர் புகையிலைச் செடியின் சில இலைகளில் மட்டும் தேமல் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து மற்ற இலைகளிலும் தடவியபோது அங்கே புண்கள் சிறிதாகவும் குறைவாகவும் வந்தன. எச்சரிக்கை பெரும்பாலும் ஃபுளோயம் வழியாகப் போகிறது. அது போய்ச் சேர்ந்த இலைகளில் செடியே உண்டாக்கும் சாலிசிலிக் அமிலம் எதிர்ப்பைத் தூண்டுகிறது. 1979-இல் வைட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினைச் செலுத்திப் பார்த்தபோதும் வைரஸ் புண்கள் குறைந்தன. ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. நமக்குள் அது வலி நரம்பின் முனையைக் கூர்மையாக்கும் பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது. செடியிலோ எதிர்ப்பை எழுப்புகிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கரைத்து ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அளவு மிஞ்சினால் இலை கருகும்.

கிருமி நுழைந்த இடத்தில் செடி செய்வது இன்னும் கடுமையானது. கிருமியை அடையாளம் கண்ட செல்கள் தாமே செத்து, அது மேலே பரவ வழியில்லாமல் செய்துவிடுகின்றன. எங்கள் பக்கத்துக் கண்மாய்ப் பாசன நெல் வயலில், பூஞ்சையால் வரும் குலைநோய்க் காலத்தில் இதை நேரில் பார்க்கலாம். எதிர்ப்புள்ள ரகத்தின் இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள் மட்டும் விழுந்து அப்படியே நின்றுவிடும். எதிர்ப்பில்லாத ரகத்தில் அதே பூஞ்சை நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புண்ணாக விரியும். புள்ளியைக் கண்டதும் மருந்தடிக்க ஓடிய என் மாமாவிடம், ‘மூன்று நாள் பொறுங்க மாமா, புள்ளி பெருசாகுதான்னு பார்ப்போம்’ என்று சொல்லி நிறுத்தினேன். அந்த முறை அது பெரிதாகவில்லை.