பெட்டி கூடிவிட்டது, ஆள் கூடவில்லை

கேள்வி: அக்கா, வணக்கம். பாம்பனிலும் மண்டபத்திலும் மீன், நண்டு, இறால் பெட்டிகளை ஏற்றி ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழில் செய்கிறேன். இரண்டு குட்டியானை (சின்ன லோடு வண்டி), ஏழு பையன்கள். தை மாதம் வரை 12 கடைகள்தான். மதுரையில் ஒரு ஹோட்டல்காரர் எங்களைப் பற்றி நாலு பேரிடம் நல்லவிதமாகச் சொல்லப்போக, இந்தப் பங்குனிக்குள் 30 கடை தாண்டிவிட்டது. வருகிற ஆர்டரை விட மனசில்லை. ஆனால் பெட்டி மாறிப் போகிறது, பையன்களுக்குத் தூக்கமே இல்லை, ஒருவன் வேலையை விட்டே நின்றுவிட்டான். மூன்றாவதாக ஒரு வண்டி வாங்கிவிடலாமா?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, வண்டியைப் பற்றி அப்புறம் பேசுவோம். இன்று ராத்திரியிலிருந்து புதுக் கடை எதையும் எடுக்காதீர்கள். கேட்பவரின் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "ஆனி பிறக்கட்டும், நானே சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவள் நான். பொறுக்கச் சொன்னவரிடம் வியாபாரிகள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நண்டு கேட்ட கடையில் கணவாயை இறக்கிவிட்டுப் போனவரை அவர்கள் லேசில் மன்னிப்பதில்லை.

பெட்டி மாறுவதற்குப் பையன்களைத் திட்டாதீர்கள். 12 கடை இருந்தபோது எல்லாம் யாராவது ஒருவனின் தலைக்குள் இருந்திருக்கும்: எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், யார் ரொக்கம், யார் கடன் என்று. 30 கடையை யாராலும் அப்படி நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஊருக்கு ஒரு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். பரமக்குடிக்கு மஞ்சள் என்றால் மதுரைக்குச் சிவப்பு. கடை நம்பரைத் தெர்மாகோல் பெட்டியின் மூடியில் எழுத வேண்டாம், பக்கவாட்டில் எழுதுங்கள். மூடி பெட்டிக்குப் பெட்டி மாறிவிடும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கண்ணிலும் படாது. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும்: மதுரைப் பெட்டி உள்ளே, ராமநாதபுரம் கதவோரம். இருட்டில், அவசரத்தில் இது தலைகீழானால் ரோட்டோரத்தில் பாதி லோடை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதுதான். அதுவரை ஐஸ் காத்திருக்காது.

ஏற்றும் இடத்துக்கு ஒருவனைப் பொறுப்பாக்குங்கள். வயதில் மூத்தவனாக இருக்க வேண்டுமென்பதில்லை, முதலாளியிடம் "முடியாது" என்று சொல்லத் தைரியம் உள்ளவனாக இருந்தால் போதும். நீங்களே போன் போட்டு "இன்னும் நாலு பெட்டி போட்டுடு" என்றாலும் அவன் மறுக்கலாம் என்பதை எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்லி வைக்க வேண்டும். வண்டியின் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. குட்டியானை தாங்குவது சுமார் 750 கிலோ. நம் வெயிலுக்குக் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போட்டால், பெட்டி எடையும் போக மீனுக்கு மிஞ்சுவது 350 கிலோவுக்குப் பக்கம்தான். அதற்குமேல் ஏற்றி மாட்டினால் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது.

டிரைவர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாம்பனிலிருந்து மதுரைக்குச் சுமார் 160 கிலோமீட்டர், போய்வர 320. அதை ராத்திரியில் ஓட்டுகிறவன் லோடும் ஏற்றக் கூடாது, விடிந்ததும் வசூலுக்கும் போகக் கூடாது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை. தூங்காத பையன் ஸ்டியரிங் பிடிக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கு அந்த வண்டி கிளம்பக் கூடாது. கடைக்காரருக்கு நீங்கள் போன் செய்து சொல்லுங்கள், திட்டையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பையனை அனுப்பாதீர்கள்.

நின்றுவிட்டவனை வீட்டில் போய்ப் பாருங்கள். திரும்ப வா என்று கேட்கப் போக வேண்டாம். எந்த ராத்திரியில் "இனி வேண்டாம்" என்று தோன்றியது, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். கூட இருப்பவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்குவதை அவன் சொல்வான்.

சரி, வண்டி. இப்போது வாங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். ஆனால் தவணை மாசாமாசம் வந்து நிற்கும். மற்ற மாதங்களிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்தானே! அவை கரை திரும்பும் நாட்களில்தான் உங்களுக்கு நெருக்கடி. அந்த நாட்களுக்கு மட்டும் வாடகை வண்டி பேசிக்கொள்ளுங்கள். நடைக்கு நடை பணம், அதோடு முடிந்தது.

தடைக்காலத்தில் பையன்களைப் பாதிச் சம்பளத்திலாவது வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் திருப்பூருக்குப் போய்விடுவார்கள், ஆனியில் புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கடைக் கணக்கு, டேப், அடுக்கும் முறை எல்லாவற்றையும் அந்த நாட்களில் அவர்களோடு உட்கார்ந்து சரிசெய்யலாம். ஆனி பிறந்ததும் நோட்டை எடுங்கள். வண்டி ஏற்கெனவே நிற்கிற தெருக்களில் உள்ள கடைகளை முதலில் சேருங்கள், அதுவும் வாரத்துக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். புது ஊர் எதுவானாலும் ஆவணிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.